முப்பத்தைந்து நிமிடம் குறைவு

இவலோவில் இரவு பதினொன்று நாற்பதுக்கு
முதல் சொட்டு இறங்கியது.
நேரத்தை என் மணிக்கட்டில் எழுதிக்கொண்டேன்.
காகிதம் தொலையும்.

ஊசி முனையிலேயே கண்ணை வைத்திருந்தாள் ரவுனா.
"இது பிள்ளைக்கும் போகுமா?"
போகும். போகத்தான் போடுகிறோம்.
"கெடுதல் செய்யாதா?"
பென்சிலின். நான் பிறப்பதற்கு முன்பே
பிரசவ அறைக்குள் வந்துவிட்ட மருந்து.
உடம்பு தடித்தால், மூச்சு அடைத்தால் சொல்.
அபூர்வம்தான்,
அதற்காகத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒன்றுமே ஆகாது என்று
நான் எவளிடமும் சொன்னதில்லை.

மூத்தவன் ஐலு
பிறந்த மறுநாள் பாலை மறுத்தான், முனகினான்,
சாம்பல் நிறமானான்.
பதினேழு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்.
இப்போது பனிச்சறுக்கில் அப்பனை முந்துகிறான்.
இடது காது மட்டும் கேட்காது.

"நான் சுத்தமாகத்தானே இருந்தேன்."
ஆறு வருடமாக அவள் இதைக் கேட்பது
என்னிடம் அல்ல.
சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ரவுனா.
குடலில் வாடகை தராமல் குடியிருக்கும் கிருமி.
உன்னிடம் வாலாட்டாது.
வெளியே வரும் பிள்ளையைத்தான்
சில சமயம் தொற்றிக்கொள்ளும்.
போன மாதமே விரட்டியிருந்தால்
இன்றைக்குள் திரும்பி வந்திருக்கும்.
அதனால்தான் இப்போது,
வலி தொடங்கிய பிறகு.

வலி. வழி.
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
ரொவனியெமிக்கு இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்.
மருந்து உள்ளே ஊறி நிற்க
நான்கு மணி நேரம் கிடைத்தால் நல்லது.
இருபத்திரண்டு வருடமாக
"முக்கு, இன்னும் முக்கு" என்றே சொல்லிப் பழகிய வாய்
இன்றிரவு இரண்டு விதமாகப் பேசியது:
கவுக்கோ, நீ சீக்கிரம் ஓட்டு.
குட்டி, நீ மெதுவாக வா.
பொறுத்தார் பூமி ஆள்வார்,
மூன்று நாற்பது வரை பொறு,
அப்புறம் பூமி முழுக்க உனக்குத்தான்.

வுவோட்சோ தாண்டியதும் வண்டி நின்றது.
நடுச்சாலையில் பனிக்கலைமான்கள்,
தார்மேல் உப்பை நக்கிக்கொண்டு.
கவுக்கோ விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான், திட்டினான்.
இரண்டு வலிகளுக்கு நடுவே
ரவுனா தலையைத் தூக்கி,
"காதில் என்ன வெட்டு?" என்றாள்.
தெரியவில்லை என்றான்.
"எங்களுடையதாயிருந்தால் இந்நேரம் விலகியிருக்கும்."
சிரித்தோம். சிரிப்பு பாதியில் வலியாகிவிட்டது.

சொதன்கிலாவின் விளக்குகள் வந்தன, போயின.
ஆள் இல்லாத பெட்ரோல் நிலையம்,
பிறகு காடு, காடு, காடு.
அவள் கேட்காமலே பையை நிமிர்ந்து பார்த்தேன்,
சொட்டுகளை எண்ணினேன்,
எண்ணினால் வேகம் கூடுமா என்ன.

மூன்று ஐந்துக்கு
சாலையோரம், ஒரு குப்பைத்தொட்டிக்கும்
பறவை பார்ப்பவர்களுக்கான அறிவிப்புப் பலகைக்கும் நடுவே,
பொறுக்காமல் வந்தாள்.
பூமியை ஆளும் உத்தேசம் அவளுக்கில்லை போலும்.
நன்றாகக் கத்தினாள்.
உள்ளங்கால் நீலம், பிறகு சிவப்பு.
அம்மாவின் வெறும் மார்பில் படுக்கவைத்து
இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் போர்த்தினோம்,
கவுக்கோவின் கோட்டையும் சேர்த்து.

ரொவனியெமியில் குழந்தை மருத்துவர் கேட்டார்:
மருந்து ஏறி எத்தனை மணி நேரத்தில் பிறந்தாள்?
மணிக்கட்டைப் பார்த்தேன். மை கலைந்திருந்தது,
எண் கலையவில்லை.
மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் என்றேன்.
நாலு என்று முழுதாக்கத் தோன்றியது.
முழுதாக்கவில்லை.
"வீணில்லை" என்றார் அவர், எழுதிக்கொண்டே.
"இரண்டு நாள் பார்த்துக்கொள்வோம்."

ஆகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு மூச்சு. சூடு சரி.
முலையைத் தேடுகிறாள், தவறவிடுகிறாள், தேடுகிறாள்.
என் வேலை நேரம் முடிந்து வெகுநேரம்.
கீழே கவுக்கோ ஹாரன் அடிக்கிறான்.
ரவுனா குழந்தையின் இடது காதருகே குனிந்து
ஏதோ சொல்கிறாள், மிக மெல்ல.
பிறகு என்னிடம்:
"இன்னொரு தடவை எண்ணுங்கள்."
எண்ணுகிறேன்.